திண்ணை விரிசல்

அன்று வெள்ளிக்கிழமை. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத் திரும்பினால், திண்ணையில் எங்கள் நாய் செவலை படுத்திருந்த இடத்தில் சிவப்பாக இரண்டு சொட்டு. குங்குமம் சிந்திவிட்டதோ என்று விரலால் தொட்டேன். ஈரமாக இருந்தது. செவலை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதன் இடது மூக்குத் துவாரத்திலிருந்து மூன்றாவது சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

அது 2019 ஐப்பசி. எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வெண்ணாறு கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிளில் போய் வரும் தூரம். வயலில் சம்பா நட்டு முடிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது மணி பத்தரை. அவர் முதலில் மூக்கைப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். சாதாரணமாக வெங்காயத் தோல் நிறத்தில் இருக்கிற ஈறு, சாதம் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றில் அங்கங்கே நகம் பட்டுக் கன்றியதுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அப்புறம் காதை மடக்கி உள்ளே காட்டினார். நாலு உண்ணி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“ஏம்மா, இதுக்கு முன்னாடி எப்பவாவது காய்ச்சல்ல படுத்துச்சா?”

“ரெண்டு வருஷம் முன்னாடி நாலு நாள் சாப்பிடாமக் கெடந்துச்சு சார். அப்புறம் தானா சரியாப் போச்சு.”

“சரியாப் போகலம்மா. உள்ள போய் ஒக்காந்துக்கிச்சு.”

ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் 18,000 என்று வந்தது. நல்ல நாய்க்கு இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்க வேண்டும். சிவப்பணு, வெள்ளையணு இரண்டுமே குறைவு. எலும்பு மஜ்ஜையே ரத்தம் செய்வதை நிறுத்திவிட்ட நிலை. மருந்து கொடுத்தோம், டிரிப்ஸ் ஏற்றினோம். ஒன்பதாம் நாள் விடியற்காலை அதே திண்ணையில் செவலை போய்விட்டது.

இதை எழுத இத்தனை வருடம் ஆனதற்குக் காரணம் துக்கம் மட்டும் இல்லை. அந்த நாய்க்கு உண்ணி இருந்தது எனக்குத் தெரியும். தினமும் பார்த்தேன். ‘நாய் என்றால் உண்ணி இருக்கத்தானே செய்யும்’ என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். உங்கள் வீட்டு நாயின் காதிலும் இப்போது ஒன்று இருக்கலாம், நீங்களும் அதையே சொல்லிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

செவலைக்கு வந்தது எர்லிக்கியா என்ற கிருமி. ‘டிக் ஃபீவர்’ என்று டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நாய் உண்ணி கடித்து ரத்தம் உறிஞ்சும்போது அதன் எச்சிலோடு உள்ளே இறங்கி வெள்ளையணுக்களுக்குள் குடியேறிவிடும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, தீனி எடுக்காமை. சில நாய்கள் அதிலிருந்து எழுந்து நடக்கும், வாலாட்டும், தட்டை நக்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். கிருமி மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், மண்ணீரலிலும் மஜ்ஜையிலும் சத்தமில்லாமல் கிடக்கும். அப்புறம் ஒரு நாள் மூக்கில் ரத்தம். வியட்நாம் போருக்கு அமெரிக்க ராணுவம் கூட்டிப்போன ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் நூற்றுக்கு மேல் செத்தது இந்த நோயில்தான். குண்டுக்குத் தப்பிய நாய்களை உண்ணி கொன்றிருக்கிறது.

முதல் காய்ச்சலிலேயே கொண்டுபோயிருந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரை 28 நாள் கொடுத்தால் போதும். அனேகமாகப் பிழைத்திருக்கும். மருந்துக்கடையில் அதிகம் விலை இல்லாத மாத்திரை அது. (கொடுக்கும்போது வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், கொடுத்ததும் தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். ஐந்தாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கிறது என்று நிறுத்தவும் கூடாது.) உண்ணி கொண்டுவருவது இது ஒன்றை மட்டும் இல்லை. பபீசியா என்று ஒன்று, சிவப்பணுவை உடைக்கும்; சில நாய்களுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். இன்னொன்று ஹெப்பட்டோசூன், அது கடியால் வருவதில்லை. நாய் தன் உடம்பில் இருக்கிற உண்ணியைக் கடித்து விழுங்கும்போது வருகிறது. செவலை கால் விரல் இடுக்கை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருக்கும்போது, பாவம் தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

செவலை போன பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. உண்ணி என்றால் என்ன என்று பார்த்தே தீர வேண்டும். பக்கத்து வீட்டு நாயின் கழுத்திலிருந்து ஒரு பெண் உண்ணியை எடுத்தேன். ரத்தம் குடித்து ஊதி, சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரி இருந்தது. ஆமணக்குக்குத் தாவரவியலில் ரிசினஸ் என்று பெயர். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு உண்ணி என்றுதான் அர்த்தம். விதையைப் பார்த்து உண்ணி ஞாபகம் வந்தது நமக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. அதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டி, யார் கையும் படாத அலமாரி மேல்தட்டில் வைத்தேன்.

ஐந்தாம் நாள் வரை ஒன்றுமில்லை. ஆறாம் நாள் அதன் முன்பக்கத்தில் தேன் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முட்டை. கசகசாவைவிடச் சின்னது. அது நிற்கவே இல்லை. பத்து நாளுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சின்னக் குவியல். பக்கத்தில் தாய் சுருங்கி, காய்ந்த திராட்சை மாதிரி செத்துக் கிடந்தது. எண்ண முடியவில்லை. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில், நாலாயிரம் வரைகூட முட்டையிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நான்காவது வாரம் ஒரு காலையில் பாட்டிலின் அடி காலியாக இருந்தது. துணிக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி, புகையிலைத் தூள் ஒட்டினாற்போல ஒரு வளையம். எல்லாம் குஞ்சுகள். ஆறு கால்தான் அவற்றுக்கு. ஒரு முறை ரத்தம் குடித்துத் தோல் உரித்த பிறகுதான் எட்டுக் கால் வரும். நான் மூச்சு விட்டதும் அந்த வளையம் முழுக்க அசைந்தது. நம் மூச்சில் இருக்கிற கரியமில வாயுவும் உடம்புச் சூடும் போதும், இரை வந்துவிட்டது என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும். கொதிக்கிற தண்ணீரைத் துணி மேலேயே ஊற்றினேன்.

அந்தப் பாட்டில் எனக்கு இரண்டு விஷயம் சொன்னது. நாய் உண்ணி மேலே ஏறும். இன்னொன்று, அது வாழ்கிற இடம் நாய் இல்லை. குஞ்சாக ஏறிக் குடித்துவிட்டு இறங்கும். எங்காவது ஒளிந்து தோல் உரிக்கும். மறுபடி ஏறும், இறங்கும். வளர்ந்தது மறுபடி ஏறும், முட்டையிட இறங்கும். ஆக மூன்று தடவைதான் நாய்க்கு வருகிறது, ஒவ்வொரு தடவையும் சில நாள். ரொம்பப் போனால் இரண்டு மூன்று வாரம். மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். இரை கிடைக்கவில்லை என்றால் வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேலும் பட்டினியாகக் காத்திருக்கும். நாம் நாய் உடம்பில் பிடுங்கிப் போடுவது கடைத்தெருவுக்கு வந்தவர்களை மட்டும்தான். குடும்பம் முழுக்க ஊரில் இருக்கிறது.

எங்கள் வீடு அப்பாயி காலத்து ஓட்டு வீடு. மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனேன். தூணும் திண்ணையும் சேருகிற இடத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல். நான் பிறந்ததிலிருந்து அங்கே இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற வயதில் அதில் பலப்பத் துண்டு ஒளித்து வைப்பேன். கத்தி முனையால் பூச்சைப் பெயர்த்ததும் கடுகு கொட்டினாற்போல உதிர்ந்தது. பெரியது, சின்னது, உரித்த தோல், காய்ந்த முட்டை, உயிரோடு இருப்பது எல்லாம் சேர்ந்து. செவலை ராத்திரி தலை வைத்துப் படுக்கும் இடத்துக்கு ஒரு சாண் மேலே. அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

டெல்டாவில் இது ஏன் இவ்வளவு பெருகுகிறது என்று கேட்டால் நம் வீடுகளைப் பார்த்தால் போதும். சுவரை ஒட்டி வைக்கோல் போர், அதை ஒட்டி மாட்டுக் கொட்டில், நாய்க்குப் படுக்க நெல் சாக்கு, தூணில் விரிசல், கூரையில் மூங்கில். அறுவடை முடிந்து பங்குனி சித்திரை வெயில் ஏறும்போது உண்ணியின் சுற்று வேகமாக ஓடும், முட்டையிலிருந்து முட்டைக்கு இரண்டு மாதமே போதும். ஐப்பசி அடைமழையில் நாய், ஆடு, கோழி எல்லாம் நனையாத ஒரே மூலைக்கு வந்து ஒண்டும். உண்ணிக்கு விருந்து வைத்த மாதிரி.

பிறகு செய்ததைச் சொல்கிறேன். விரிசல்களைச் சுரண்டி எடுத்து, கொதிதண்ணீர் ஊற்றி, சிமெண்டால் அடைத்தோம். மேலே சுண்ணாம்பு. பழைய சாக்குகளை எரித்தோம். இப்போது நாய்க்குப் பழைய பருத்திப் புடவைதான், வாரம் ஒரு முறை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயும். வைக்கோல் போர் சுவரை விட்டுப் பத்தடி தள்ளிப் போனது. சுவருக்கு அடிக்க டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்கச் சொன்னார். மருந்து முட்டையைச் சரியாகத் தொடாது, பொரித்து வருகிறவற்றை அடுத்த தடவைதான் பிடிக்க முடியும். ஒரு விஷயம், நம் பக்கத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: மாட்டுக்கும் சுவருக்கும் அடிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். தெளிப்பானையும் வாளியையும் வாய்க்காலிலோ குளத்திலோ கழுவிவிடாதீர்கள். நாட்டுக்கோழி இருந்தால் நல்லது, வாசலில் ஊர்கிற உண்ணியைப் பொறுக்கும். ஆனால் மருந்து அடித்த அன்றைக்குக் கோழியை அடைத்து வையுங்கள்.

அடுத்த வருடம் இன்னொரு நாய், கறுப்பி, வந்தாள். கூடவே சோழி, வெள்ளையும் சாம்பலுமாக ஒரு பூனை. தானாக வந்து அடுப்பங்கரையில் பிள்ளை பெற்றது. பூனைக்கு உண்ணி குறைவுதான். நாள் முழுக்க நக்கி நக்கியே உடம்பைத் துடைத்துவிடும். நாக்கு எட்டாத இடத்தில்தான் பார்க்க வேண்டும்: காது ஓரம், தாடைக்குக் கீழ், பிடரி. 2021 சித்திரையில் சோழியின் காது ஓரத்தில் இரண்டு கண்டேன். செவலை ஞாபகம் வந்துவிட்டது, பயந்துவிட்டேன். கறுப்பிக்கு வாங்கிய சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்தது. கடையில் கேட்டேன், “பூனைக்கும் போடலாம்மா, கொஞ்சமாப் போடுங்க” என்றார்கள். பிடரியில் நாலு சொட்டு விட்டேன்.

சாயங்காலம் சோழியின் காது துடிக்க ஆரம்பித்தது. ஈ உட்கார்ந்தால் உதறுமே, அந்த மாதிரி, ஆனால் ஈ இல்லை. எட்டு மணிக்கு முன்னங்கால் நடுங்கியது. வாயில் நுரை. தூக்கினால் உடம்பு முழுக்க, மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு அதிர்வு. டாக்டருக்குப் போன் போட்டேன். மருந்தின் பெயரைப் படிக்கச் சொன்னார். பெர்மெத்ரின். “உடனே கழுவும்மா. பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு, வெதுவெதுன்னு தண்ணியில. சூடா ஊத்தாதே. தொடச்சுத் துணியில சுத்தி உடனே தஞ்சாவூர் கெளம்பு.” அங்கே இரண்டு ராத்திரி, தசை நடுக்கத்துக்கு ஊசியும் டிரிப்ஸும். மூன்றாம் நாள் காலையில் பால் குடித்தது.

நாயின் கல்லீரல் பெர்மெத்ரினை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலையைச் செய்கிற நொதி போதாது. அதனால் நாய்க்கு மருந்தாக இருப்பது பூனைக்கு விஷமாக நிற்கிறது. ‘கொஞ்சமாகப் போடுவது’ இதற்கு வழியே இல்லை. மாட்டுக்கு அடிக்கிற திரவமும், நாயைக் குளிப்பாட்டுகிற அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. நாய்க்கு அந்த மருந்து போட்ட அன்று இரண்டும் ஒட்டிப் படுத்தாலே ஆபத்து. காயும் வரை தனித்தனியாக வையுங்கள். பூனைக்கு என்றே அட்டையில் அச்சிட்ட மருந்து கிடைக்கிறது, ஃபிப்ரோனில் உள்ள சொட்டு மருந்து மாதிரி. அதைத்தான் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஃபிப்ரோனிலை வீட்டில் முயல் இருந்தால் அதற்குப் போட்டுவிடாதீர்கள், முயலைக் கொன்றுவிடும்.

கறுப்பிக்கு இப்போது மாத்திரைதான். மாதம் ஒன்று கொடுக்கிறது உண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கிறதும் உண்டு. அஃபோக்சோலனர், ஃப்ளூரலனர் என்று பெயர்கள். நாயின் எடைக்குத் தக்கபடி வாங்க வேண்டும், பெரிய மாத்திரையை உடைத்து இரண்டு குட்டிக்குக் கொடுக்கிற கணக்கு இதில் செல்லாது. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விலை அதிகம், மறுக்கவில்லை. செவலையின் கடைசி ஒன்பது நாளுக்கு நான் செய்த செலவில் கறுப்பிக்கு இரண்டு வருட மாத்திரை வாங்கியிருக்கலாம். மாத்திரை கொடுத்த நாயிலும் உண்ணி ஏறும். கடித்த பிறகுதான் சாகும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நோய்க்கிருமி சில மணி நேரத்திலேயே இறங்கிவிடலாம் என்பதால், மாத்திரை கொடுத்தாலும் சாயங்காலம் கையால் தடவிப் பார்ப்பதை நான் விடுவதில்லை.

மூலிகை வேண்டாமா என்று கேட்பீர்கள். வசம்பு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, பூண்டு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை சேர்த்து அரைத்துத் தெளிக்கிற முறை மாடுகளுக்குப் பல இடங்களில் பரிந்துரைக்கிறார்கள். எங்கள் பசுவுக்கு நானும் அடிக்கிறேன். மாடு தன் முதுகை முழுக்க நக்காது. பூனை நக்கும், நாயும் நக்கும். பூண்டு இரண்டின் சிவப்பணுவையும் உடைக்கும், பூனைக்கு இன்னும் சீக்கிரம். அதனால் அந்தக் கலவை கொட்டிலோடு நிற்கட்டும்.

எடுக்கும் முறை. அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு, உண்ணியை நகத்தால் கிள்ளி உள்ளே போடும். அவ்வளவு பொறுமை எனக்கு வராது. ஆனால் கிள்ளக் கூடாது என்று இப்போது தெரிகிறது. இடுக்கியால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, நேராக நிதானமாக இழுங்கள். எரிகிற பத்தியை வைப்பது, எண்ணெய் தடவுவது, மண்ணெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம். அது திணறி, வயிற்றில் உள்ளதை உள்ளேயே கக்கிவிடும் அபாயம் உண்டு. எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். நாய் உண்ணியால் மனிதருக்கும் காய்ச்சல் வரும், அதன் ரத்தம் கையில் இருக்கிற கீறல் வழியாகவும் கண் வழியாகவும் போகலாம். ஸ்பிரிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போட்டு மூடுங்கள், அப்புறம் கையைக் கழுவுங்கள்.

மனிதக் காய்ச்சல் பேச்சு வந்ததால் ஒன்று. பத்திரிகையில் மழைக்காலம் தோறும் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வருகிறதே, ஸ்கரப் டைபஸ், அதைக் கொண்டுவருவது நாய் உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. பெயர்க் குழப்பத்தில் போன மாதம் எங்கள் தெருவில் இரண்டு நாய்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கும் பெரும்பாலும் அதே டாக்ஸிசைக்ளின்தான். 1957-இல் கர்நாடகாவின் சிவமொக்கா பக்கம் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல் வேறு. அது காட்டு உண்ணியின் வேலை.

அந்த இரண்டு நாய்களில் ஒன்று பதினோரு நாள் கழித்து நீந்தித் திரும்பி வந்தது. கழுத்தைச் சுற்றி உண்ணி. அந்த வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு. வீட்டுக்குத் தெரியாமல் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தான். “அத்தை, இதுக்கும் அந்த மாத்திரை ஒண்ணு குடுங்க” என்றான். எடை பார்க்க நாயைத் தூக்கிக்கொண்டு அவனையே தராசில் நிற்க வைத்தேன். அவன் எடையைக் கழித்தால் பதினாலு கிலோ. ஈறு கொஞ்சம் வெளுப்பு. மறுநாள் டாக்டரிடம் போனோம். தட்டணு குறைவு, ஆனால் ரொம்ப மோசமில்லை. 28 நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பையன் நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளும் சோற்றோடு கொடுத்ததும் அடித்துக்கொண்டு வருகிறான். இன்றைக்குப் பதினேழாவது கட்டம்.

அவன் அப்பாவிடம் நேற்று நானே போய்ப் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய்க் கொட்டில் சுவரில் டார்ச் அடித்துக் காட்டினார், “அக்கா, இதுதானே?” ஓட்டுக்குக் கீழே, மூங்கிலும் சுவரும் சேருகிற மூலையில், வரிசையாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்ணாம்பும் ஒரு மூட்டை சிமெண்டும் வருகிறது. மாட்டை எங்கள் பக்கம் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.